மணலில் ஓட்ட டயர்க் காற்றை ஏன் இறக்க வேண்டும்?

மனைவியோடு நமீபியா போய், வாடகை ஜீப்பில் சோசஸ்வ்லேய் மணற்குன்றுகளைப் பார்க்கப் போகிறாராம் ஒரு வாசகர். மணல் தொடங்கும் இடத்தில் டயர்க் காற்றைப் பாதியாக இறக்கச் சொல்கிறார்களாம். காற்றில்லாத சைக்கிளை மிதிப்பதே பெரும்பாடு, இது எப்படி உதவும் என்று கேட்கிறார்.

குன்றுகள் இருக்கும் பூங்காவின் நுழைவாயிலான செஸ்ரியத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தார்ச்சாலை. அதற்கப்பால் கடைசி 5 கி.மீ. மணல். நாற்சக்கர இயக்கம் (எஞ்சின் நான்கு சக்கரங்களையும் சுழற்றும் வசதி) இல்லாத வண்டிகள் தார் முடிகிற இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அந்த இயக்கம் உள்ள வண்டியும் புதையும்.

சாமான்களோடு வண்டி 2,400 கிலோ என்று வைத்துக்கொண்டால் டயருக்கு 600 கிலோ. 35 பி.எஸ்.ஐ. காற்று என்பது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ. எனவே டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 240 சதுர செ.மீ. 17-க்கு இறக்கினால் அது 500 ஆகிவிடும். டயர்ச் சுவரின் விறைப்பு கொஞ்சம் தாங்கும், அதை விட்டுவிடலாம்.

பரப்பு கூடினால் பிடிப்பு கூடும் என்று பலர் விளக்குவார்கள். உலர்ந்த மணலில் அது சரியில்லை. அங்கே துகளோடு துகளை ஒட்டவைக்க எதுவும் கிடையாது, இருப்பது உராய்வு மட்டும். உராய்வோ அமுக்கும் எடையைப் பொறுத்தது. பரப்பு இரண்டு மடங்கானால் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் விழும் எடை பாதியாகிறது. மொத்தப் பிடிப்பு அதேதான்: எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதம். (வயல் சேற்றில் கதை வேறு. களிமண் ஒட்டும் என்பதால் அங்கே பரப்பு உண்மையிலேயே பிடிப்பைக் கூட்டும்.)

குறைவது எதிர்ப்பு. மணலில் ஓடும் சக்கரம் ஓயாமல் ஒரு பள்ளத்தை அமுக்கிக்கொண்டே போகிறது. அந்தப் பள்ளத்துக்கான கூலியை எஞ்சின்தான் கொடுக்க வேண்டும். அழுத்தம் பாதியானால் புதையும் ஆழமும் ஏறத்தாழப் பாதி. வேலை என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. பள்ளத்தின் ஒவ்வொரு சதுர செ.மீ.யையும் அமுக்கும் விசையும், அது அமுங்கும் தூரமும் பாதியானதால் கூலி கால்பங்காகிவிடுகிறது! இன்னொரு நயமும் உண்டு. காற்று இறங்கிய டயர் பெரும்பாலும் நீளவாக்கில்தான் பரவுகிறது: தரையைத் தொடும் நீளம் 12 செ.மீ. இருந்தது 25 ஆகும், அகலம் சற்றே கூடும். பள்ளத்தின் அகலம் அப்படியே இருக்க, எடையைத் தாங்கும் தடம் மட்டும் நீள்கிறது. அகல டயர் மாட்டினால் போதும் என்பவர்கள் பள்ளத்தையும் சேர்த்து அகலப்படுத்துகிறார்கள். சைக்கிள் கணக்கு தார்ச்சாலைக்குச் சரி. அங்கே டயர்தான் நசுங்குகிறது, தரை நசுங்குவதில்லை.

இந்தக் கணக்கை வளர்த்தவர்களில் முக்கியமானவர் போலந்தில் பிறந்த பொறியாளர் பெக்கர். 1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவில் ஓட்டிய ஊர்தியின் கம்பிவலைச் சக்கரங்களுக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. சந்திரயான் சோதனைகளுக்காக நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்து நிலவு மண் தயாரித்ததும் இதே அக்கறையில்தான். மண்ணை அரைக்கவா இவ்வளவு செலவு என்று கேட்பவர்கள், புதைந்த ஊர்தியைத் தள்ள அங்கே யாரை அனுப்புவார்கள் என்று சொல்லட்டும்.

இனி செய்முறை. மணலுக்கு முன்பே நின்று, நான்கு டயரையும் 18-க்கு இறக்குங்கள். காற்றுமானி இல்லாமல் கண்ணால் மதிப்பிட வேண்டாம். நாற்சக்கர இயக்கத்தையும் அப்போதே போட்டுவிடுங்கள். சக்கரம் வழுக்கினால் எஞ்சினை அடக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள். மணலில் அது வேண்டாத நேரத்தில் வேகத்தைப் பறிக்கும். சீரான வேகம், அகலமான திருப்பம். பிரேக் அடித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல்மேடு குவியும், மறுபடி கிளம்பும்போது அதை ஏற வேண்டும். நிறுத்துவதென்றால் ஆக்சிலரேட்டரை விட்டு, சரிவை நோக்கி உருண்டு நிற்க விடுங்கள்.

சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கினால் உடனே காலை எடுங்கள். சுழலும் டயர் மணலைப் பின்னால் வாரி இறைத்துத் தன் குழியைத் தானே தோண்டுகிறது. அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டால் எடை சக்கரத்தின் மேல் இருக்காது, பிடிப்பும் போய்விடும். ஒருவர் ஸ்டியரிங்கில் இருக்க, மற்றவர் நான்கு டயர்களைச் சுற்றியும் வண்டிக்கு அடியிலும் மண்வெட்டியால் மணலை வாரட்டும். காற்றை 12-13-க்கு இறக்கி, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். டயருக்கடியில் பலகை வைத்திருந்தால், வெளியே இருப்பவர் அதன் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. அது பாய்ந்து வரும். எலுமிச்சம்பழம் வைத்துக் கிளம்புவது உங்கள் விருப்பம், பலகையும் மண்வெட்டியும் மறக்க வேண்டாம்.

12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பித் தார்ச்சாலை ஏறுமுன் 12 வோல்ட் கம்ப்ரஸரால் பழைய அளவுக்குக் காற்றடியுங்கள். நான்குக்கும் அரைமணி நேரம் ஆகலாம். அவசரப்பட்டுக் குறைந்த காற்றிலேயே 100 கி.மீ. வேகத்தில் போனால், டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். டயருக்குள் இருக்கும் இழைகளை விட்டு ரப்பர் பிரிந்து டயர் வெடிக்கும்.