டானிக், பவுடர், டிரிப்ஸ்: ஊக்கமருந்துச் சோதனையில் அறியாமல் சிக்கும் வழிகள்

பெயர் பெற்ற வீரர் ஒருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார் என்று செய்தி வந்தால், அன்று மாலைக்குள் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஏமாற்றுக்காரர் என்கிறது ஒரு கூட்டம், சதி என்கிறது இன்னொன்று. எந்தப் பொருள் கிடைத்தது, அது எப்படி உடம்புக்குள் போனது, போகாமலிருக்க அவர் என்ன முயற்சி எடுத்திருந்தார் என்று கேட்பவர் குறைவு. விசாரணை நடப்பதும் தண்டனை முடிவாவதும் இந்த மூன்று கேள்விகளை வைத்துத்தான்.

திட்டமிட்ட மோசடிகள் நிறையவே நடந்திருக்கின்றன. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்டப்பந்தய வீரர் பென் ஜான்சனின் சிறுநீரில் ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டு கிடைத்தது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயப் பட்டங்கள் 2012-ல் பறிக்கப்பட்டன. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்யத் தரப்பினர் ஆய்வகச் சுவரில் ஓட்டை போட்டு சிறுநீர்ப் புட்டிகளையே மாற்றினார்கள். இவற்றுக்கு மன்னிப்பு கேட்டு எழுதப்பட்டதல்ல இக்கட்டுரை. விளையாட்டு மருத்துவத்தில் நாங்கள் அதிகம் கவலைப்படுவது வேறு ஒருவரைப் பற்றி: சளி பிடித்ததும் வீட்டில் இருந்த டானிக்கை இரண்டு மூடி குடித்துவிட்டு மறுநாள் போட்டிக்குப் போகும் பத்தொன்பது வயதுப் பிள்ளை.

விதி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். தடை செய்யப்பட்ட பொருள் மாதிரியில் இருந்தால் அதுவே மீறல். வேண்டுமென்றே எடுத்தீர்களா, அறியாமல் எடுத்தீர்களா என்பது எத்தனை காலம் தடை என்று முடிவு செய்யும் கட்டத்தில்தான் பேச்சுக்கு வரும். அனபாலிக் ஸ்டீராய்டு போன்றவை என்றால் தொடக்கப்புள்ளியே நான்கு ஆண்டு. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது. சாதாரணச் சிகிச்சையிலும் பயன்படும் பல மருந்துகளுக்கு இரண்டு ஆண்டு. வேண்டுமென்றே எடுத்தார் என்று வழக்கு தொடுத்த ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பு நிரூபித்தால் நான்கு. பெரிய தவறு இல்லை என்று காட்ட முடிந்தால் அது எச்சரிக்கை வரைக்கும் குறையலாம். ஆனால் போட்டியின்போது எடுத்த மாதிரியில் பொருள் கிடைத்தால் அந்தப் போட்டியின் பதக்கம் போய்விடும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனிய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஆண்ட்ரியா ரடுக்கானுக்கு நேர்ந்தது இதுதான். அணி மருத்துவர் கொடுத்த சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்தது. ரடுக்கானுக்குத் தடை விதிக்கப்படவில்லை, தனிநபர் ஆல்ரவுண்ட் தங்கம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. கொடுத்தவர் மருத்துவர் என்பது வீரரைக் காப்பாற்றாது.

அட்டையில் உள்ள பெரிய எழுத்தை நம்பாதீர்கள்

இருமல் மருந்தில் ஆரம்பிக்கலாம். சளியை இளக்கும் பல டானிக்குகளில் அம்ப்ராக்சால் அல்லது ப்ரோம்ஹெக்சினுடன் டெர்ப்யூட்டலின் சேர்ந்திருக்கும். டெர்ப்யூட்டலின் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து. போட்டி நாளிலும் போட்டி இல்லாத நாளிலும் தடை செய்யப்பட்டது. 2019 பிப்ரவரியில் சையத் முஷ்டாக் அலி தொடரின்போது பிரித்வி ஷா கொடுத்த மாதிரியில் இதுதான் இருந்தது. இருமல் மருந்திலிருந்து வந்தது என்ற விளக்கத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் பிசிசிஐ எட்டு மாதத் தடை விதித்தது. யூசுஃப் பதானுக்கும் அதே மருந்தால் ஐந்து மாதத் தடை வந்திருந்தது.

இதில் சிக்கல் என்னவென்றால், ஒரே பிராண்ட் பெயரில் மூன்று நான்கு டானிக்குகள் வரும். பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தோ 'பிளஸ்' என்ற சொல்லோதான் மாறும். ஒன்றில் வறட்டு இருமலுக்கான டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருக்கும், அதற்குத் தடை இல்லை. இன்னொன்றில் டெர்ப்யூட்டலின் இருக்கும். நாட்டுக்கு நாடும் மாறும். 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் பிரிட்டனின் பனிச்சறுக்கு வீரர் அலைன் பாக்ஸ்டர், சொந்த நாட்டில் வழக்கமாகப் பயன்படுத்தும் மூக்கடைப்பு இன்ஹேலரின் அமெரிக்கப் பதிப்பை வாங்கிப் பயன்படுத்தினார். பெயர் அதேதான், அமெரிக்காவில் விற்றதில் மட்டும் லெவ்மெத்தாம்ஃபெட்டமின் இருந்தது. வெண்கலப் பதக்கம் போயிற்று.

ஆகவே மருந்தைச் சரிபார்க்கும்போது பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பெயர்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, உலக ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பான வாடாவின் நடப்பாண்டுப் பட்டியலில் தேடுங்கள். பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று மாறுகிறது. வலிக்கு அதிகம் எழுதப்படும் டிராமடால் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை; அதற்கு முந்தைய ஆண்டின் பட்டியலைப் பார்த்தவருக்கு இது தெரியாது. ஏஐ செயலிகளிடம் "இந்த மாத்திரை எடுக்கலாமா" என்று கேட்டு வரும் பதிலையும் இதே காரணத்தால் நம்ப முடியாது. அது எந்த ஆண்டுப் பட்டியலை, எந்த நாட்டு பிராண்டை வைத்துச் சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. தீர்ப்பாயத்தில் அது சாட்சி சொல்லவும் வராது.

பாரசிட்டமால், இபுப்ரொஃபென், செட்ரிசின், அமாக்சிசிலின் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. அவற்றோடு வேறொன்று சேர்ந்த கூட்டு மாத்திரை என்றால் அந்த வேறொன்றைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரைகள் பலவற்றில் ஹைட்ரோகுளோரோதயாசைடு சேர்ந்திருக்கும். இது சிறுநீரை அதிகமாகப் பிரித்து மாதிரியை நீர்க்கச் செய்யும், உடல் எடையையும் சட்டென்று குறைக்கும் என்பதால் எப்போதும் தடை. 2003 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியா முதல் ஆட்டம் ஆடுவதற்கு முன்பே ஷேன் வார்ன் வீடு திரும்பியதற்கும், ஓராண்டு ஆட முடியாமல் போனதற்கும் காரணம் இந்த வகை மாத்திரைதான்.

ஆஸ்துமா: கணக்கு போட்டுப் பாருங்கள்

சால்ப்யூட்டமால் இன்ஹேலருக்கு அனுமதி உண்டு, அளவோடு. எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, 24 மணி நேரத்தில் மொத்தம் 1600-ஐத் தாண்டக் கூடாது. ஓர் அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம் தரும் இன்ஹேலர் என்றால் 8 மணி நேரத்துக்கு 6 அழுத்தல், ஒரு நாளைக்கு 16. இப்போது நெபுலைசரைப் பாருங்கள். அதில் ஊற்றும் ஒரு சிறு குப்பியில் பெரும்பாலும் 2.5 மில்லிகிராம், அதாவது 2500 மைக்ரோகிராம். ஒரே முறை வைத்தாலே நாளின் வரம்பு தாண்டிவிட்டது. அதே சால்ப்யூட்டமால் மாத்திரையாகவோ சிரப்பாகவோ இருந்தால் எந்த அளவுக்கும் அனுமதி இல்லை.

மூச்சு திணறும்போது இந்தக் கணக்கையெல்லாம் பார்க்க வேண்டாம். உயிர்தான் முதலில், நெபுலைசர் வையுங்கள். பிறகு மருத்துவமனைக் குறிப்புகளைச் சேர்த்து, சிகிச்சைக்கான விலக்கு கோரி உடனே விண்ணப்பியுங்கள். அவசரச் சிகிச்சைக்குப் பின்தேதியிட்ட விலக்கு கிடைக்கும். நீண்ட நாள் நோய்க்குத் தடை செய்யப்பட்ட மருந்து தேவை என்றால், உதாரணமாக சர்க்கரை நோய்க்கு இன்சுலின், போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். "டாக்டர் சீட்டு இருக்கிறது" என்பது விலக்கு ஆகாது. பரிசோதனை அறிக்கைகளும், தடை இல்லாத மாற்று மருந்து ஏன் பயன்படவில்லை என்ற விளக்கமும் அதில் இருக்க வேண்டும்.

ஊசிகளில் இரண்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மூட்டு வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. முழங்காலில் போட்ட மெதில்ப்ரெட்னிசலோன் என்றால் போட்டிக்கு முன் 3 நாள் இடைவெளி வேண்டும், டிரையம்சினலோன் என்றால் 10 நாள். அதே டிரையம்சினலோனைத் தசையில் போட்டால் 60 நாள். எந்த மருந்து, எங்கே போட்டது என்பதை ஊசி போட்ட இடத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, டிரிப்ஸ். களைப்பாக இருக்கிறது, வெயிலில் ஓடினேன் என்று போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிறார்கள். உள்ளே போனது வெறும் உப்பு நீராக இருந்தாலும், 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றினால் அந்த முறையே தடை. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, நோயறிதல் பரிசோதனை ஆகியவற்றின் பகுதியாக ஏற்றினால் மட்டும் விதிவிலக்கு. பாட்டில் 500 மில்லி.

டப்பாவில் எழுதாதது

பவுடர்கள் பக்கம் வருவோம். ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 2000-2001 காலத்தில் 13 நாடுகளிலிருந்து 634 ஊட்டச்சத்துப் பொருள்களை வாங்கிச் சோதித்தது. அவற்றில் 94-ல், அதாவது 14.8 விழுக்காட்டில், டப்பாவில் குறிப்பிடாத, உடம்பில் ஸ்டீராய்டாக மாறும் முன்பொருள்கள் இருந்தன. காரணம் எல்லா நேரமும் வஞ்சகம் இல்லை. ஒரே கலவை இயந்திரத்தில் முதல் நாள் ஒரு பொருளும் மறுநாள் இன்னொன்றும் ஓடும். சரியாகக் கழுவாத இயந்திரத்தில் தங்கிய தூசி அடுத்த தொகுதியின் சில டப்பாக்களில் மட்டும் போய்ச் சேரும். அதனால்தான் "நானும் அதே பவுடரைத்தான் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் வரவில்லை" என்று பயிற்சியாளர் சொல்வது எதையும் நிரூபிக்காது.

ஆய்வகக் கருவிகள் எவ்வளவு நுட்பமாகிவிட்டன என்பதை வீரர்கள் பலர் உணர்வதில்லை. 2010-ல் சைக்கிள் வீரர் ஆல்பர்ட்டோ கொண்டடோரின் மாதிரியில் கிடைத்த கிளென்ப்யூட்டரால் ஒரு மில்லிலிட்டருக்கு 50 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு பிக்கோகிராம். மாட்டிறைச்சியிலிருந்து வந்தது என்றார் அவர். கலப்படமான சத்துப்பொருளிலிருந்து வந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று பார்த்த விளையாட்டு நடுவர் மன்றம், இரண்டு ஆண்டுத் தடை விதித்து அந்த ஆண்டின் டூர் டி பிரான்ஸ் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது.

2024-ல் டென்னிஸ் வீராங்கனை இகா ஸ்வியாடெக்கின் மாதிரியில் டிரைமெட்டாசிடின் என்ற இதய மருந்து கிடைத்தது. அவர் தூக்கத்துக்காக எடுத்துவந்த மெலடோனின் மருந்தை ஆய்வகத்தில் சோதித்ததில் அதிலேயே கலப்படம் இருப்பது தெரிந்தது. ஒரு மாதத் தடையோடு முடிந்தது. இன்னொரு டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப்பும் 2022-ல் கலப்படமான சத்துப்பொருள் என்றுதான் சொன்னார். முதலில் நான்கு ஆண்டுத் தடை; 2024 மார்ச்சில் நடுவர் மன்றம் அதை ஒன்பது மாதமாகக் குறைத்தபோது, அவர் ஏற்கெனவே அதைவிட நீண்ட காலம் களத்துக்கு வெளியே இருந்துவிட்டார். குற்றமில்லை என்று காட்டும் வழக்குக்கே விளையாட்டு வாழ்க்கையின் ஒரு பெரும் பகுதி போய்விடுகிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பவுடர் தேவைதானா என்பதே. தேவை என்று ஊட்டச்சத்து நிபுணர் சொன்னால், இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட், என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் போன்ற சான்று உள்ளதாக வாங்குங்கள். டப்பாவில் முத்திரை இருந்தால் மட்டும் போதாது, அந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் டப்பாவின் தொகுதி எண்ணைப் போட்டுப் பாருங்கள். திறக்கும் முன் முன்பக்கம், பின்பக்கம், தொகுதி எண் மூன்றையும் படமெடுங்கள். பில்லை வைத்திருங்கள். முடிந்தால் அதே தொகுதியில் ஒரு டப்பாவைப் பிரிக்காமல் வையுங்கள். பின்னால் உங்களைக் காப்பாற்றும் சாட்சி அது. கடைசி இரண்டு கரண்டிப் பவுடரையும் டப்பாவோடு ஓரமாக வையுங்கள், தூக்கி எறியாதீர்கள்.

உடனே வேகம் தருவதாகச் சொல்லும் ப்ரீ-ஒர்க்அவுட், கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லும் மாத்திரை, தசையை ஏற்றுவதாகச் சொல்லும் பவுடர் ஆகிய மூன்றிலும்தான் ஆபத்து அதிகம். டிஎம்ஏஏ என்ற ஊக்கி ஜெரானியம் சாறு, மெதில்ஹெக்சனமின் என்ற பெயர்களிலும் வரும். ஹிஜெனமின் ஒரு தாவரப் பொருள்; 'மூலிகை' என்று எழுதியிருந்தாலும் தடைதான். எம்கே-2866, எல்ஜிடி-4033 போன்ற எழுத்தும் எண்ணும் கலந்த பெயரைப் பார்த்தால் டப்பாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தவர் கை வழியாகவும் வரும். 2024 மார்ச்சில் டென்னிஸ் வீரர் யானிக் சின்னரின் மாதிரிகளில் குளோஸ்டெபால் கிடைத்தது. அவருடைய பிசியோதெரபிஸ்ட் தன் விரல் காயத்துக்கு அடித்துக்கொண்ட ஸ்பிரேயில் அந்த ஸ்டீராய்டு இருந்தது; அந்தக் கையாலேயே மசாஜ் செய்திருக்கிறார். 2025 பிப்ரவரியில் மூன்று மாதத் தடையை ஏற்றுக்கொண்டு வழக்கை முடித்தார் சின்னர். உங்கள் உடம்பைத் தொடுபவர் என்ன களிம்பு பூசியிருக்கிறார் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

மாதிரி கொடுக்கும் நாள்

குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீர் வேண்டும். சீக்கிரம் வரட்டும் என்று லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிப்பதுதான் பலரும் செய்வது. சிறுநீர் நீர்த்துப்போனால், அதாவது அதன் அடர்த்தி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால், மீண்டும் கொடுக்க வேண்டிவரும்; இரவு வரை உட்கார வேண்டியதாகிவிடும். மூடி முத்திரையிட்ட பானங்களை அளவாகக் குடியுங்கள். கலனையும் பெட்டியையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். புட்டி, மூடி, பெட்டி, படிவம் எல்லாவற்றிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்து, பவுடர், கண் சொட்டு வரை அனைத்தையும் படிவத்தில் எழுதுங்கள். அதிகாரியின் நடைமுறையில் குறை கண்டால் அதையும் படிவத்தில் எழுதிவிட்டு மாதிரியைக் கொடுங்கள், மறுக்காதீர்கள். 2018-ல் அதிகாரிகளின் அடையாள ஆவணங்கள் சரியில்லை என்று சொல்லி ரத்தப் புட்டியை உடைக்கவிட்ட சீன நீச்சல் வீரர் சுன் யாங், கடைசியில் நான்கு ஆண்டு மூன்று மாதத் தடை பெற்றார். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். பெற்றோர் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பதிவுபெற்ற சோதனைப் பட்டியலில், அதாவது முன்னறிவிப்பின்றிச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த வீரர்களின் பட்டியலில், இருப்பவர்கள் தினமும் 60 நிமிடம் எங்கே கிடைப்பார்கள் என்று முன்கூட்டிக் குறிப்பிட வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால், மாதிரியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இரண்டு ஆண்டு வரை தடை. பயணத் திட்டம் மாறியதும் செயலியில் திருத்துவதை மேலாளரிடம் விட்டாலும், தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் வீரர்தான்.

முடிவு பாதகம் என்று மின்னஞ்சல் வந்தால் அதைத் திறக்காமல் வைத்திருப்பதுதான் மிகப் பெரிய சேதம். பி மாதிரியை, அதாவது முதலில் சோதிக்காமல் முத்திரையிட்டு வைத்த இரண்டாவது புட்டியை, சோதிக்கக் கோரவும் விளக்கம் தரவும் கடிதத்தில் கெடுத் தேதி இருக்கும். அன்றே அட்டை, பில், படங்கள், மருந்துச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். வீட்டில் மீதமிருக்கும் மருந்தையும் பவுடரையும் யாரும் தொடவிடாதீர்கள். விளையாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்க்கும் வரை சமூக ஊடகத்தில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். பதற்றத்தில் சொல்லும் முதல் விளக்கம் பிறகு மாறினால், உண்மையான விளக்கத்தையும் தீர்ப்பாயம் சந்தேகத்தோடுதான் கேட்கும்.