கோட் எழுத முன்னம் கையளிப்பைப் பேசுங்கள்

அறிவியல்நகரிலிருந்தோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலிருந்தோ மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்து வந்து, "அண்ணா, திறந்த மூலமா ஒரு மென்பொருள் செய்யப்போறம்" என்று, அதாவது யாரும் கோட்டைப் பார்த்து, மாற்றிப் பாவிக்கக்கூடிய மென்பொருள் ஒன்று செய்யப்போவதாகச் சொன்னால், அவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் எந்தக் கணினி மொழியில் எழுதுவது என்பதுதான். பைத்தனோ பிஎச்பியோ, தெரிந்ததில் எழுதுங்கள் என்று அதை முடித்துவிட்டு நான் ஒன்று கேட்பேன்: அடுத்த வருடம் உங்களில் யார் இங்கே இருப்பீர்கள்?

சிரிப்பார்கள். ஆனால் வன்னியில் மற்றக் கேள்வியெல்லாம் இதற்குப் பிறகுதான். படிப்பு முடிந்ததும் ஒருவர் கொழும்புக்கு வேலைக்குப் போவார், ஒருவருக்கு விசா வரும், இன்னொருவர் நியமனம் கிடைத்து வேறு மாவட்டத்துக்குப் போவார். வீட்டு நிலைமை அப்படி, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆள் போவது நிச்சயம் என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

நான் பார்த்தவரை இங்கே தொண்டுத் திட்டங்கள் நின்றுபோவது கோட் பிழையால் அல்ல, கடவுச்சொல்லால். ரெப்போ, அதாவது கோட் முழுவதும் இருக்கும் களஞ்சியம், கோட்டை இணையத்தில் வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒருவரின் சொந்தக் கணக்கில் இருக்கும். டொமைன் என்கிற இணைய முகவரி இன்னொருவரின் ஜிமெயிலில் பதிவாகியிருக்கும். சேர்வருக்குள் போக வேண்டிய இரகசியக் குறியீடு அவருடைய இலங்கை சிம்முக்கு வரும். அவர் வெளிநாடு போய்ச் சில மாதத்தில் அந்த சிம் செத்துவிடும். பிறகு யாரும் உள்ளே போக முடியாது, டொமைனைப் புதுப்பிக்கவும் முடியாது. முதல் வாரமே கிட்ஹப்பில் அமைப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து, இருவரை உரிமையாளராகப் போடுங்கள், காசு இல்லை. குறியீட்டுக்கு எஸ்எம்எஸ்ஸை நம்பாமல், போனிலேயே குறியீட்டை உருவாக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். அந்தப் போன் இல்லாதபோதும் உள்ளே போக உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு, ஊரை விட்டு நகராத ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கோட் தெரியாத அம்மாவாக இருந்தாலும் பரவாயில்லை.

அதற்காக வருகிறவர்களுக்கெல்லாம் சாவியைக் கொடுத்துவிடவும் கூடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறிய மென்பொருளில் கள்ளவாசல் ஒன்று, அதாவது அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைய ஒளித்துவைத்த வழி, பிடிபட்டது. லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளத்தின் உலகம் முழுக்கப் பயன்படும், கோப்புகளைச் சுருக்கும் கருவி அது. சம்பளமில்லாமல் அதைப் பராமரித்துக் களைத்துப்போயிருந்த ஒருவரிடம், உதவ வந்தவர்போல இரண்டு வருடத்துக்கு மேல் பழகிப் பொறுப்பை வாங்கிய யாரோ செய்த வேலை. உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆந்திரெஸ் பிராயிண்ட் என்ற பொறியியலாளர் துருவியதால்தான் அது வெளியே வந்தது. தனியாகச் சுமக்கும் ஆள் களைத்துப்போனால் என்ன நடக்கும் என்று சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சரி, எதைச் செய்வது? ஏற்கெனவே இருப்பதை மறுபடி செய்யாதீர்கள். சனசமூக நிலைய நூலகத்துக்கு மென்பொருள் எழுதப்போகிறோம் என்பவர்களிடம் கோஹா என்ற திறந்த மூல நூலக மென்பொருளைப் பாருங்கள் என்பேன். 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஒரு பிரதேச நூலகத்தில் பாவனைக்கு வந்த அது இன்று உலகெங்கும் ஓடுகிறது. அதை நிறுவி, தமிழாக்கத்தில் விட்டுப்போன இடங்களைத் திருத்தினால் அதுவும் திறந்த மூலப் பங்களிப்புத்தான். புதிதாக எழுதினால்தான் பெருமை என்ற எண்ணம் எங்களிடம் கொஞ்சம் அதிகம்.

தேவை கண்முன்னே நிற்கும்போது மட்டும் புதிதாகத் தொடங்குங்கள். முல்லைத்தீவுக் கரையையும் அடித்துப்போன 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர், முகாம்கள், நிவாரணத் தேவைகள் என்பவற்றைப் பதிய இலங்கைத் தொண்டர்கள் எழுதியதுதான் சகானா. அடுத்த வருடப் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் அங்கேயும் அது பயன்பட்டது. அந்த அளவு அவசரம் எங்களுக்கு வேண்டாம். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்தில் யாருக்கு எத்தனை ஏக்கர் பங்கு என்று ஒரு கமக்கார அமைப்பின் செயலாளர் கொப்பியில் எழுதுகிறாரே, அதைச் சரியாகச் செய்தாலே போதும். அவரோடு ஒருநாள் வாய்க்கால்வரை போய் வந்தால், நீங்கள் போட்டு வைத்த திரைகளில் பாதி தேவையில்லை என்று விளங்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அவருடைய கொப்பியில் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர் எல்லாம் இருக்கும். சோதனைக்கென்று அதையே எக்செல்லில் அடித்து ரெப்போவில் ஏற்றிவிடுகிறார்கள். பிறகு யாராவது சொன்னதும் கோப்பை அழித்து, முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. ரெப்போவின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் கிட் என்ற கருவி பழைய வரலாற்றை வைத்திருக்கும். பொது ரெப்போ என்றால் யாரும் பின்னோக்கிப் போய் எடுக்கலாம். வரலாற்றையே திருத்தி எழுதினாலும், அதற்குள் நகலெடுத்தவரிடம் அது இருந்துகொண்டே இருக்கும். இந்த நாட்டில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், இடம்பெயர்ந்து மீண்ட மக்களின் விபரப் பட்டியல் என்பது எங்கள் ஊரில் சாதாரண விஷயமல்ல. சோதனைக்குப் பொய்ப்பெயர்களைப் போடுங்கள்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. கோட்டைப் பொதுவில் வைத்தால் மட்டும் அது திறந்த மூலமாகாது. 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை எழுதியவருக்குத்தான். உரிமக் கோப்பு இல்லாவிட்டால் மற்றவர் அதைத் தொடமுடியாது. பலர் எழுதிய பிறகு உரிமத்தை மாற்றுவதென்றால் எல்லோரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் கேட்க வேண்டும். மாற்றி வெளியிடுவோரின் மாற்றங்களும் திறந்தே இருக்கவேண்டும் என்றால் ஜிபிஎல் உரிமம், யாரும் எப்படியும் பாவிக்கலாம் என்றால் எம்ஐடி உரிமம். ஒன்றைத் தெரிந்து முதல் நாளே போட்டுவிடுங்கள். குழுவில் யாராவது கம்பனி வேலையில் இருந்தால் நியமனக் கடிதத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். வேலையின் பகுதியாக எழுதிய கோட் வழமையாக முதலாளிக்குச் சேரும். சில ஒப்பந்தங்கள் ஓய்வுநேர வேலையையும் இழுத்துப் போடும்.

வேலைக்கான சுயவிபரத்தில் ஒரு வரி வேண்டும் என்று வருபவரையும் நான் விலக்கமாட்டேன். ஒரு பிழையைத் திருத்திவிட்டுப் போனாலும் லாபம்தானே.

கடைசியில் ஒருவரும் மிஞ்சவில்லை என்றால் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முதற்பக்கத்தில் இனிப் பராமரிப்பு இல்லை என்று எழுதி, ரெப்போவைக் கிட்ஹப்பின் ஆர்க்கைவ் வசதியால் பூட்டி ஆவணமாக்கிவிடுங்கள். வாசிக்கலாம், நகலெடுக்கலாம், மாற்ற முடியாது. அதற்கு முன் செயலாளரின் தரவு முழுவதையும் எக்செல்லில் எடுத்து அவர் கையில் கொடுத்து, அவரே அதைத் திறந்து பார்த்ததும் சேர்வரை நிறுத்துங்கள்.