காய்தானே என்று கொறிக்கும் சிப்ஸில் எண்ணெய் எவ்வளவு?

100 கிராம் பச்சைக் கேரட்டில் 41 கலோரி. அதே கேரட்டை முறுகலாக உலர்த்திவிட்டால் 100 கிராமுக்கு 340 கலோரி. எண்ணெயில் பொரித்து பாக்கெட்டில் அடைத்த கேரட் சிப்ஸ் என்றால் 450-லிருந்து 520 வரை போகும். காய் ஒன்றுதான். 41 எப்படி 340 ஆனது என்பதற்கு ஒரு காரணம், 340 எப்படி 500 ஆனது என்பதற்கு முற்றிலும் வேறு காரணம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "காய்தானே, எவ்வளவு தின்றாலும் பரவாயில்லை" என்ற நினைப்பும் வருகிறது, "வற்றலே வேண்டாம்" என்ற பயமும் வருகிறது.

முதல் காரணம் தண்ணீர். இதைப் புரிந்துகொள்ள தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் களி போதும். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 320 கலோரி. அந்த மாவைத் தண்ணீரில் கொட்டிக் கிளறி இறக்கினால் 300 கிராமுக்கு மேல் களி கிடைக்கும். கலோரி அதே 320தான். வயிறு நிறைவது மாவாலும் தண்ணீராலும் சேர்ந்து. வற்றல் போடுவது இதைத் தலைகீழாகச் செய்வது. உலர்ந்த கேரட்டின் 340 கேழ்வரகு மாவின் அளவுக்குப் பக்கத்தில் நிற்பது தற்செயல் இல்லை. தண்ணீரை எடுத்துவிட்டால் காயில் மிஞ்சுவது மாவுச்சத்து, சர்க்கரை, புரதம், நார்ச்சத்து. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, நார்ச்சத்துக்கு ஏறக்குறைய 2.

வெண்டைக்காயை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ வெண்டையில் சுமார் 900 கிராம் தண்ணீர், 100 கிராம் திடப்பொருள், மொத்தம் 330 கலோரி. ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு வரும்வரை காயவைத்தால் 111 கிராம் வற்றல் மிஞ்சும். அதிலும் அதே 330 கலோரிதான். ஆனால் 100 கிராமுக்கு என்று கணக்குப் போட்டால் 33 இருந்த இடத்தில் 297 வந்து நிற்கும். ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி இன்னும் தண்ணீர்ப் பாங்கு. ஒரு கிலோ காய்ந்தால் கையில் 65 கிராம் அளவுக்குத்தான் நிற்கும். காயவைப்பதால் ஒரு கலோரிகூடப் புதிதாகச் சேர்வதில்லை. எண் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், நாம் ஒன்பது கிலோ வெண்டையை ஒரு கிலோவுக்குள் சுருக்கிவிட்டோம்.

உப்பும் அப்படியே சுருங்கும். ஒரு கிலோ வெண்டையில் 20 கிராம் உப்பு பிசறிக் காயவைத்தால், 133 கிராம் வற்றலில் அந்த 20 கிராமும் இருக்கும். உப்புக்குக் கலோரி இல்லாததால் 100 கிராமுக்கான கலோரி 250 அளவுக்கு இறங்கிவிடும், எடை மட்டும் கூடும். ஆனால் 10 கிராம் வற்றலிலேயே ஒன்றரை கிராம் உப்பு. நாளுக்கு 5 கிராம் உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மோர் மிளகாய், சுண்டை வற்றல் விஷயத்தில் கலோரியைவிட இதைத்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் எண்ணெய். கட்டுரையின் மையமே இதுதான்.

காய்த்துண்டு சூடான எண்ணெயில் விழுந்ததும் சலசலவென்று குமிழி வருகிறதே, அது எண்ணெய் கொதிப்பது அல்ல. காய்க்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே பாய்வது. ஆவி வெளியே தள்ளிக்கொண்டு இருக்கும்வரை எண்ணெயால் எளிதில் உள்ளே புக முடியாது. தண்ணீர் போன இடமெல்லாம் நுண்ணிய துளைகளாக நிற்கும். துண்டை வெளியே எடுத்ததும் அது ஆறத் தொடங்குகிறது. துளைக்குள் மிஞ்சிய ஆவி குளிர்ந்து சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, மேற்பரப்பில் பூசியிருந்த எண்ணெய் உறிஞ்சுகுழல் வழியாகப் போவதுபோல் உள்ளே இழுபடுகிறது. சிப்ஸ் குடிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு வாணலிக்குள் அல்ல, வாணலியிலிருந்து எடுத்த பிறகுதான் உள்ளே போகிறது. எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறதோ அவ்வளவு துளை. எவ்வளவு துளையோ அவ்வளவு எண்ணெய். மெல்லியதாகச் சீவினால் மேற்பரப்பு கூடுவதால் இன்னும் அதிகம். பச்சை வெண்டையைச் சீவி நேரே பொரித்தால் அது கடற்பஞ்சுபோல் எண்ணெய் குடிப்பதற்கும், காய்ந்த வற்றல் அதைவிடக் குறைவாகக் குடிப்பதற்கும் காரணம் இதுவே.

கொழுப்புக்குக் கிராமுக்கு 9 கலோரி. பொரித்த 100 கிராம் சிப்ஸில் 25 கிராம் எண்ணெய் இருந்தால் அதுவே 225. மீதி 75 கிராம் உலர்காயில் 240 சொச்சம். கூட்டினால் 465. எடையில் கால்பங்காக இருக்கும் எண்ணெய், கலோரியில் பாதியைப் பிடித்துக்கொள்கிறது.

இப்போது கடைகளில் கேரட், வெண்டை, பீட்ரூட், பீன்ஸ் எல்லாம் நிறம் மங்காமல், மொறுமொறுவென்று ஒரே பாக்கெட்டில் கிடைக்கின்றன. பார்த்தால் வெயிலில் காயவைத்ததுபோல் இருக்கும். பெரும்பாலும் அவை வேக்குவம் ஃப்ரை செய்யப்பட்டவை. மூடிய கலத்தில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் தண்ணீர் 45 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும்; எனவே எண்ணெயை 170, 180-க்கு ஏற்றாமல் 90 முதல் 120 டிகிரிக்குள் வைத்தே பொரிக்க முடிகிறது. நிறமும் மணமும் தங்குகின்றன, கருகுவதில்லை. நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் பொரிப்பது எண்ணெயில்தான். பொரித்து முடிந்து கலத்துக்குள் மறுபடி காற்றை விடும்போது, வெளி அழுத்தம் மேற்பரப்பு எண்ணெயைத் துளைகளுக்குள் திணித்துவிடும். அதனால் கவனமாகச் செய்பவர்கள் காற்றை விடுவதற்கு முன்பே, வெற்றிடத்திலேயே கூடையைச் சுழற்றி, வாஷிங் மெஷின் துணியைப் பிழிவதுபோல் எண்ணெயை உதறிவிடுகிறார்கள். இதைச் சரியாகச் செய்யாத பாக்கெட்டில் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டும்.

இன்னொன்றும் அதில் உண்டு. வெண்டை, கேரட் போன்றவை வெறுமனே பொரித்தால் சுருங்கி நார்போல் ஆகிவிடும். வடிவம் நிற்க, பொரிப்பதற்கு முன் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் தூள்) அல்லது சர்க்கரைக் கரைசலில் ஊறவைப்பது வழக்கம். இரண்டுமே கிராமுக்கு 4 கலோரி.

வீட்டில் செய்யும் பாகற்காய் சிப்ஸிலும் இதேபோல் ஒரு மறைவான கணக்கு இருக்கிறது. கால் கிலோ பாகற்காயில் திடப்பொருள் வெறும் 15 கிராம், மற்றதெல்லாம் தண்ணீர். அதில் மூன்று மேசைக்கரண்டி கடலை மாவும் அரிசி மாவும் பிசறினால் 25, 30 கிராம் மாவு. பொரித்து எடுத்த தட்டில் பாகற்காயைப்போல் இரு மடங்கு மாவு இருக்கிறது. அது பாகற்காய் வாசனை உள்ள பக்கோடா.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. காய்க்கு அடுத்து பாமோலின் எண்ணெய் என்று இருந்தால் அது உலர்த்தியது அல்ல, பொரித்தது. அடுத்து கொழுப்பு அளவை 9-ஆல் பெருக்குங்கள். காயின் சொந்தக் கொழுப்பு மிகச் சொற்பம் என்பதால் அந்த எண் ஏறக்குறைய முழுவதும் ஊற்றிய எண்ணெய்தான். 100 கிராமுக்குக் கொழுப்பு 28 கிராம், ஆற்றல் 500 என்று போட்டிருந்தால், 252 கலோரி எண்ணெயிலிருந்து வருகிறது. 30 கிராம் பாக்கெட் ஒன்று 150 கலோரி. அந்த 150-க்குப் பச்சைக் கேரட்டாகத் தின்ன வேண்டுமானால் 366 கிராம் மென்றாக வேண்டும். யாரும் ஒரே மூச்சில் மெல்ல மாட்டார்கள். சிப்ஸ் பாக்கெட்டோ பேருந்து கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போவதற்குள் காலியாகிவிடும்.

வீட்டு வற்றல் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்பதை ஒரு கிராம்வரை காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் நீங்களே அளக்கலாம். எண்ணெயோடு வாணலியை நிறுத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் வற்றலைப் பொரித்து, நிறுத்து வைத்த காகிதத்தில் பரப்புங்கள். வாணலி முழுக்க ஆறியபின் மறுபடி நிறுங்கள். சுடச்சுட வைத்தால் தராசு கெட்டுவிடும். 22 கிராம் குறைந்து, காகிதம் 3 கிராம் கூடியிருந்தால், வற்றலுக்குள் போனது 19 கிராம், அதாவது 171 கலோரி. 50 கிராம் உப்பு வற்றலின் சொந்தக் கலோரியே 125தான்.

அந்த 19-ஐக் குறைக்க வழி உண்டு. வற்றல் ஒடித்தால் 'டப்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் நடுவில் ஈரம் இருக்கிறது, பொரிக்கையில் எண்ணெய் அதிகம் ஏறும், டப்பாவில் பூஞ்சையும் பிடிக்கும். டிரையரில் போடுபவர்கள் அவசரப்பட்டு எடுத்த எடுப்பில் 80 டிகிரி வைத்தால் மேல்தோல் இறுகி ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்; 55, 60-ல் நிதானமாகக் காயவைப்பதே சரி. பொரிக்கும் எண்ணெய் 170-180 டிகிரியில் இருக்கட்டும். ஒரு வற்றலைப் போட்டால் உடனே மேலே வந்து பொரிய வேண்டும். சூடு போதாவிட்டால் வற்றல் பொரியாமல் ஊறும். எடுத்ததும் ஜல்லிக்கரண்டியில் வைத்து வாணலிக்கு மேலேயே பத்து, பதினைந்து விநாடி நன்றாக உதறி, சூடு இருக்கும்போதே காகிதத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். ஆறியபின் ஒற்றி எடுப்பதால் பெரிய பயன் இல்லை. எண்ணெய் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். சுண்டை வற்றலுக்கு இந்தப் பாடே வேண்டாம். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சிறுதீயில் வறுத்தால் போதும், சேர்வது 40 கலோரிதான். அதையே குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டால், வெயில் எடுத்துக்கொண்ட தண்ணீரில் ஒரு பங்கு வற்றலுக்குத் திரும்பக் கிடைக்கும்.