மாடி உயருது, கீழ குழாய் அப்பிடியே கிடக்கு

கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்குற ஒழுங்கையள் எதையும் பாருங்கோ, முந்தி பத்துப் பேர்ச் காணியில ஒரு ஓட்டு வீடும் அஞ்சு பேரும் இருந்திருப்பினம், இப்ப அதே காணியில எட்டு மாடி, பதினாறு வீடு, வீட்டுக்கு நாலு பேரெண்டாலும் 64 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 லீட்டர் எண்டு வைச்சா 600 லீட்டர் பாவிச்ச இடத்தில 7,680 லீட்டர்.

தண்ணி வாறதுக்கு ஒரு வழி செய்யலாம், கீழ சம்ப் எண்ட நிலத்தடித் தொட்டி கட்டி மோட்டர் போட்டு மேல் டாங்கிக்கு ஏத்தினாச் சரி. போறதுதான் கஷ்டம். கழிவுநீர் சரிவிலதான் ஓடும், இடையில பம்ப் பண்ணி கடைசியா கடலுக்குள்ள விடுறாங்கள், கொழும்பின்ர பழைய குழாய்கள் நூறு வருசம் தாண்டினவை. குழாய் நாள் முழுக்க நிரம்பியிருக்காது, விடிய எல்லாரும் ஒரே நேரத்தில குளிச்சு வெளிக்கிடேக்கதான் முட்டும், அந்த நேரம் மழையும் பிடிச்சு வெடிப்புகளுக்குள்ளால தண்ணி இறங்கிச்செண்டா மேன்ஹோல் வழிஞ்சு ஒழுங்கை முழுக்க நாறும்.

ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியாப் பாத்து அனுமதி குடுத்தா எல்லாமே பாஸ்தான். ஆனா குழாய்க்கு வாறது எல்லாத்தின்ரயும் கூட்டுத்தொகை.

இதுக்குத்தான் நியூயோர்க் மாநிலத்தில ராமப்போ எண்ட ஊர் 1969இல ஒரு முறை கொண்டுவந்தது. கழிவுநீர், வடிகால், வீதி, பார்க், தீயணைப்பு நிலையம் எல்லாம் எவ்வளவு கிட்ட இருக்கெண்டு பாத்துப் புள்ளி போட்டாங்கள், 15 புள்ளி வந்தாத்தான் வீட்டுத்திட்டத்துக்கு அனுமதி. குறையிற வசதியைக் கட்டுறவரே செய்து குடுத்தும் புள்ளி எடுக்கலாம். வழக்குப் போட்டாங்கள், 1972இல அந்த மாநிலத்தின்ர அதியுயர் நீதிமன்றம் ஊர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது.

புளோரிடா 1985இல மாநிலம் முழுக்க இப்பிடிச் சட்டம் போட்டது, ஆனா வீதி நெரிசலையும் அதே கணக்கில சேத்ததால நகருக்குள்ள கட்ட ஏலாம வீதி நெரிசல் இல்லாமக் கிடந்த வெளியூருக்குக் கட்டடம் ஓடிப்போச்சு. கொழும்பில அப்பிடி நடந்தா அடுத்து அடிபடுறது நகருக்கு வெளியில பத்தரமுல்லைப் பக்கத்துச் சதுப்பு நிலங்கள்தான், மழைவெள்ளத்தைத் தாங்கி வைச்சிருக்கிறதே அதுகள். அதால என்ர எண்ணம், வீதியை விட்டிட்டு முதல்ல குழாயையும் வடிகாலையும் கணக்கெடுக்கோணும்.

இன்னொண்டு, சரிவு மாறாம குழாயின்ர விட்டத்தை இரண்டு மடங்காக்கினா கிட்டத்தட்ட ஆறு மடங்கு தண்ணி போகும். ஒருக்கா வீதியைக் கிண்டேக்கயே பெரிசாப் போட்டா குழாய்க்குத்தான் கொஞ்சம் கூடச் செலவு, பிறகு தார் போட்ட காலி வீதியைத் திரும்பக் கிண்டுறதோட பாத்தா அது ஒண்டுமே இல்லை. எவ்வளவு பெரிசு வேணுமெண்டு தெரியிறதுக்கு ஒவ்வொரு ஒழுங்கை முடிவிலயும் மேன்ஹோலுக்குள்ள மீட்டர் வைச்சு, வெயில் நாள் காலமையும் மழை நாள் காலமையும் வேற வேறயா அளக்கோணும், அங்க இருந்துதான் தொடங்கோணும்.