பாரிஸ்–லண்டன் ஒரு மணி நேரம்தானே என்பவர்களுக்கு

போன வாரம் எங்கள் டிராவல்ஸுக்கு மறுபடியும் அதே மாதிரி ஒரு போன். பாரிஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு, லண்டன் ஹீத்ரோவில் சென்னை விமானம் பிடிக்க வேண்டிய குடும்பம். பாரிஸ்–லண்டன் டிக்கெட்டைத் தனியாக, மலிவாகக் கிடைத்ததென்று தாங்களே எடுத்திருக்கிறார்கள். போய் இறங்கியது லூட்டன் விமான நிலையத்தில். "லண்டன்னுதானே சார் போட்டிருந்தது?" லூட்டனையும் லண்டன் என்றுதான் விற்பார்கள். அங்கிருந்து ஹீத்ரோ சாலை வழியே 50 கிலோமீட்டருக்கு மேல். சென்னை விமானம் கிளம்பிவிட்டது. டிக்கெட் தனித்தனி என்பதால் பணமும் போச்சு.

பாரிஸும் லண்டனும் பக்கம்தான் என்பதில் தப்பில்லை. நேர்கோட்டில் 340 கிலோமீட்டர் சொச்சம்தான். விமானம் வானத்தில் இருப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. குழப்பமெல்லாம் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில். பாரிஸில் 10:00-க்குக் கிளம்பி லண்டனில் 10:20-க்கு இறங்கும் என்று இருந்தால், "இருபது நிமிஷத்துல போயிடுமா?" என்கிறார்கள். போகாது ஐயா! தரையில் ஊர்ந்து போகும் நேரமும் சேர்த்து 1 மணி 20 நிமிடம். புறப்படும் நேரம் பாரிஸ் கடிகாரப்படி, இறங்கும் நேரம் லண்டன் கடிகாரப்படி. பாரிஸ் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதே விமானம் லண்டனில் 10:00-க்குக் கிளம்பினால் பாரிஸில் 12:20. உடனே "பாரிஸ் போகும்போது மட்டும் ஏன் லேட்?" என்று கேட்கிறார்கள். லேட்டே இல்லை, அதே 1 மணி 20 நிமிடம்தான். கோடையில் மாறுமா என்றால், மாறாது. இரண்டு ஊரிலும் ஒரே நாளில்தான் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நீங்களாகக் கூட்டிக் கழிக்காதீர்கள், பக்கத்திலேயே பயண நேரம் என்று தனியாகப் போட்டிருக்கும். அதைப் பாருங்கள்.

அந்த 1:20-ஐ மட்டும் நம்பியும் திட்டம் போடாதீர்கள். பாரிஸின் சார்ல் து கோல் விமான நிலையம் ஊருக்கு வெளியே. இரண்டு மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும். லண்டனில் இறங்கியதும் இமிகிரேஷன் வரிசை, பெட்டி, அப்புறம் ஊருக்குள் ஒரு ரயில். ஹோட்டலிலிருந்து ஹோட்டலுக்கு ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். லண்டனையே பார்க்கப் போகிறவர்கள் யூரோஸ்டார் ரயிலில் போகலாம். பாரிஸின் கார் து நோர் நிலையத்திலிருந்து லண்டனின் செயின்ட் பாங்க்ராஸுக்கு சுமார் 2 மணி 20 நிமிடம். இரு நாட்டு பாஸ்போர்ட் சோதனையும் பாரிஸிலேயே முடிந்துவிடும், அதனால் சீக்கிரமே போய்விடுங்கள். ரயிலில் எங்களுக்குக் கமிஷன் சொற்பம், இருந்தும் சொல்கிறேன்.

விசா விஷயத்துக்கு வருகிறேன். பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா பிரிட்டனில் செல்லாது. லூட்டனில் இறங்கி ஹீத்ரோ போவதென்றாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு பொதுவாக பிரிட்டிஷ் விசா வேண்டும். ஒரு தடவை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா வைத்துக்கொண்டு லண்டன் போய்விட்டால், திரும்ப பாரிஸுக்குள் விடமாட்டார்கள், ஊர் திரும்பும் டிக்கெட் அங்கிருந்தே இருந்தாலும் சரி.

தனித்தனி டிக்கெட்தான் எடுப்பேன் என்றால், தயவுசெய்து லண்டனில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் ஊருக்குக் கிளம்புங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் விமான நிலையத்தின் பெயரை மட்டும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை.