அட்வகசி: வக்காலத்தா, சார்புரையா?

ஒருவருக்காக அவர் பக்கம் நின்று பேசுவதைக் குறிக்கும் 'அட்வகசி' (advocacy) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? அச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அங்கே 'அட்வொகாத்துஸ்' என்றால் துணைக்கு அழைக்கப்பட்டவர் என்று பொருள். பேசுபவர் தாமாக வந்தவரல்லர், ஒருவர் அழைத்ததால் வந்தவர் என்பதே அதன் உட்கிடை.

தமிழில் இதற்கு நெடுங்காலமாகக் கைகொடுத்த சொல் 'வக்காலத்து'. அரபு மூலத்திலிருந்து பாரசீகம் வழியே நீதிமன்றத்துக்குள் நுழைந்த இச்சொல், கட்சிக்காரர் கையொப்பமிட்டுத் தரும் வக்காலத்து நாமாவில் இன்றும் மதிப்போடு நிற்கிறது. நீதிமன்றத்துக்கு வெளியே அதன் நிலை வேறு. "நீ ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாய்?" என்று கேட்கும்போது, உன்னை யார் அழைத்தார்கள் என்ற குத்தலும் சேர்ந்தே வருகிறது, மூலப்பொருள் அங்கே தலைகீழாகிவிடுகிறது.

'பரிந்துரை' பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். 'பரிதல்' என்பதில் அன்பும் உண்டு, பிறருக்காக வருந்தி முயல்வதும் உண்டு. ஆனால் அச்சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது: ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பை விசாரித்த அரச ஆணையம் 2021இல் 148 பரிந்துரைகளை அளித்தது என்று எழுதும்போது அதற்கு 'யோசனை' என்பதற்கு மேல் பொருளில்லை.

அதே ஆஸ்திரேலியாவில் 'அட்வகசி' என்ற சொல்லின் இரட்டைப் பயன்பாடு நன்கு தெரிகிறது. முதியவர்களின் பக்கம் நின்று பேச ஓர் அமைப்பு உண்டு. பராமரிப்பு இல்லங்களை நடத்துவோருக்காக அரசிடம் பேச, இரண்டு சங்கங்கள் இணைந்து 2022இல் உருவான வேறோர் அமைப்பும் உண்டு. இரண்டும் செய்வது ஆங்கிலத்தில் அட்வகசிதான். முன்னதைப் 'பரிந்துபேசல்' என்றும், பின்னதைச் 'சார்புரை' என்றும் தமிழில் பிரித்துச் சொல்லலாம் என்பது என் கருத்து. இலாப நோக்கற்ற இல்லங்களுக்காகப் பேசும்போது நோக்கம் நல்லதுதானே, பரிவு என்றே சொல்லலாமே என்பார்கள். நோக்கம் நல்லதானாலும், பேசப்படுவது நிறுவனத்தின் நிலைதான். (அவற்றை 'இலாபமற்ற' என்று எழுதுவது பிழை. மிச்சம் வரலாம், அதை உரிமையாளர்கள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.)

அந்நாட்டில் 2024 அக்டோபரிலிருந்து, முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வாழும் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 215 நிமிட நேரடிப் பராமரிப்பு தரப்பட வேண்டும் என்பதும், அதில் 44 நிமிடங்கள் பதிவுபெற்ற செவிலியருடையதாக இருக்க வேண்டும் என்பதும் இலக்கு. தொலைதூரச் சிற்றூர்களில் செவிலியர் கிடைப்பதில்லை, அதற்கேற்ற நிதி வேண்டும் என்று இல்லங்களின் சங்கம் அமைச்சகத்துக்கு எழுதினால் அது சார்புரை. அந்த 44 நிமிடங்கள் என் தாய்க்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கும் மகளோடு ஒருவர் இல்ல மேலாளரின் அறைக்குள் சென்று அமர்ந்தால் அது பரிந்துபேசல்.