‘மூலிகைதானே’ என்று கொடுப்பதற்கு முன்

சென்ற மாதம் 72 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அவருடைய மகள் என்னிடம் அழைத்து வந்தார். கடிகாரம் வரையச் சொன்னபோது, எல்லா எண்களையும் வட்டத்தின் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, முள்ளை எங்கே போடுவது என்று தெரியாமல் மகளின் முகத்தைப் பார்த்தார். அல்சைமர் என்னும் மறதிநோய் இருப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருப்பதால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். தடுமாற்றம் திடீரென்று கூடியதும், நோய் முற்றிவிட்டது என்று எண்ணிய குடும்பத்தார், நினைவாற்றலுக்கு நல்லது என்று இணையத்தில் வாங்கிய ஜின்கோ (ஒரு மரத்தின் இலைச்சாறு) மாத்திரையை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். ஸ்கேனில், மூளையின் உறைக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தது. ஆறு வாரங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கித் தலையில் இடித்துக்கொண்டதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரத்தக்கசிவுக்கு ஜின்கோதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளோடு அதைச் சேர்க்கக் கூடாது என்பதை எந்த மருத்துவரும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஏன் கேட்கவில்லை என்றபோது, “மூலிகைதானே டாக்டர், நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாதே” என்றார் மகள்.

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். அல்சைமருக்கு நாங்கள் எழுதிக்கொடுக்கும் கேலன்டமைன், ஸ்னோடிராப் என்னும் பூச்செடியின் கிழங்கிலிருந்து கண்டறியப்பட்டதுதான். அது மூலிகையிலிருந்து வந்தது என்பதற்காகச் சாதுவாக இருந்துவிடவில்லை: வாந்தியை உண்டாக்கும், இதயத்துடிப்பைக் குறைக்கும். அதனால்தான் நாளுக்கு 8 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரம் பொறுத்துப் பார்த்தே அளவைக் கூட்டுகிறோம். உடலில் வேலை செய்யும் எந்தப் பொருளும், செடியில் விளைந்தாலும் ஆலையில் செய்யப்பட்டாலும், அளவு தப்பினால் கெடுதல் செய்யும். ஒரு கெடுதலும் செய்யவே முடியாத பொருளுக்கு நோயைத் தீர்க்கும் வலிமை மட்டும் எங்கிருந்து வரும்?

ஜின்கோவைச் சோதிக்காமல் ஒதுக்கிவிட்டார்கள் என்பதும் உண்மையல்ல. அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 3,069 பேரை ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கவனித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். நாள்தோறும் 240 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் மறதிநோய் ஒரே அளவில்தான் வந்தது. நினைவாற்றலுக்கு என்று சொல்லப்படும் மஞ்சளிலுள்ள குர்குமினையும் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. வல்லாரைத் துவையல் எங்கள் வீட்டிலும் உண்டு, தாராளமாகச் சாப்பிடுங்கள். அதை அல்சைமருக்கு மருந்து என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்பதே என் பேச்சு. வடக்கே பிரமி என்ற ஒரே பெயரை வல்லாரைக்கும் நீர்ப்பிரமிக்கும் வழங்குவதால், டப்பாவுக்குள் இருப்பது எந்தச் செடி என்பதே சில சமயம் குழப்பம்தான். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது இருந்தது. ஈயம் நினைவாற்றலைக் கெடுக்கும் நஞ்சு.

மறதி என்றவுடன் பொடி வாங்காதீர்கள். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு, முதலில் பரிசோதனை. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மாத்திரையைச் சாப்பிடுபவருக்கு அதை நீங்களாக நிறுத்தினால், கிடைத்துவந்த பலன் சில வாரங்களிலேயே போய்விடும். பாலில் ரகசியமாகப் பொடி கலந்து கொடுப்பதை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். அறுவைச் சிகிச்சை என்றால், எடுத்துவரும் மூலிகை எதுவாயினும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். சித்த மருத்துவரிடம் போவதானால், பட்டம் பெற்றுப் பதிவுசெய்தவரிடம், இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டோடு போங்கள்.

என்னிடம் வரும்போது, வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். லேபிள் இல்லாத டப்பாவையும் சேர்த்து. திட்டமாட்டேன். உடலுக்குள் எது போகிறது என்று தெரிந்தால்தான் என்னால் பார்க்க முடியும்.